முன்பாரம், பின்பாரம்

திருத்தணி மலைமேல் வண்டிப் பூஜையை முடித்துக்கொண்டு இறங்கிய புதுத் தார் ஜீப் ஒன்று, நான் டீ குடிக்கும் கடை வாசலில் வந்து நின்றது. பானட்டில் சந்தனம் குங்குமம், மூக்கில் சாமந்தி மாலை, டயரில் நசுங்கிய எலுமிச்சையின் ஈரம். ஓட்டி வந்தவன் எங்கள் தெருப் பையன், சென்னையில் வேலை. நண்பன் ஒருவனோடு நகரி வழியாகப் புத்தூர் பக்கம் போய், தெரிந்தவர் மாந்தோப்பில் இரண்டு ராத்திரி கூடாரம் அடித்துத் தங்கப் போகிறானாம். “எல்லாம் ஏத்தியாச்சுண்ணா, வந்து பாருங்க” என்று பின்கதவைத் திறந்தான்.

திறந்ததும் வாணலி ஒன்று என் காலடியில் விழுந்தது.

உள்ளே இருந்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன். கதவை ஒட்டி 20 லிட்டர் தண்ணீர் கேன். பக்கத்தில் படுக்கவைத்த 5 கிலோ கேஸ் சிலிண்டர். அதற்கப்புறம் ஐஸ் பெட்டி, அதன் தலைமேல் தோசைக்கல். டென்ட் பை எல்லாவற்றுக்கும் அடியில். இடுக்குகளில் மடக்கு நாற்காலி இரண்டு, முட்டை அட்டை, வெங்காயம், டார்ச், செருப்பு. மொத்தத்துக்கும் மேலே, பைக்கில் மூட்டை கட்டுகிற ஹூக் வைத்த எலாஸ்டிக் கயிறு ஒன்று குறுக்கே. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில், சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முன்னால் தங்கியவர்கள் கைக்கோடரிக் கல்லோடு சமாளித்திருக்கிறார்கள். இவனுக்கு நாற்காலி வேண்டியிருக்கிறது. போகட்டும், எனக்கும் இடுப்பு வலி உண்டு.

“ரெண்டு டீ சொல்லுப்பா. குடிச்சுக்கிட்டே பேசலாம்” என்றேன். டீ மாஸ்டர் எங்களிடம் தமிழிலும், உள்ளே கிளாஸ் கழுவுகிறவரிடம் தெலுங்கிலும் பேசுகிற ஆள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்னும் ஒரு டீக்கு இரண்டு பாஷை செலவாகிறது.

அவனுக்கு முதலில் மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அடிக்கும் வண்டிகளை நிறையப் பார்த்தவன் நான். ஆட்கள் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அழுத்திக்கொண்டு இறங்கினால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். தானே மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். “ரெண்டு கட்டு முன்னால தள்ளு” என்பார், மறுபடி தூக்கிப் பார்ப்பார். நுகத்தடி கைக்கு லேசாகவும், கொஞ்சமே கொஞ்சம் கீழே அழுத்துவதாகவும் வந்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார். கயிறு போடுவதெல்லாம் பாரம் சரியான பிற்பாடுதான்.

“இதுல மாடு எங்கண்ணா?”

“ஸ்டியரிங்தான் உன் மாடு.”

ஜீப்புக்கு இரண்டு அச்சு இருப்பதால் கழுத்து இறுகாது. ஆனால் பின் அச்சைத் தாண்டி வைக்கிற ஒவ்வொரு கிலோவும் பின் சக்கரத்தை ஊன்றுகோலாக வைத்து முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். முன் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறையும். மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் காலியாகத் திரும்புவது போல இருக்கும். ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். இந்த மாதிரி வண்டிகளுக்கு ஸ்டெப்னியே பின்கதவில்தான் தொங்குகிறது. நாம் எதுவும் ஏற்றாமலே கம்பெனியே ஏற்றி அனுப்பிய பின்பாரம் அது. அதற்குத் துணையாக இவன் தண்ணீர் கேனையும் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தியிருக்கிறான்.

கனமானது எல்லாம் முன் சீட்டுக்கு நேர் பின்னால், தரையோடு தரையாக, பின் சக்கரத்துக்கு முன்னாலேயே உட்கார வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் என்றால் ஐஸ் பெட்டி மறுபக்கம். கதவோரத்துக்குப் போக வேண்டியது மெத்தை, துணி, டென்ட். அதாவது அவன் ஏற்றியதற்கு நேர் எதிர்.

“அப்ப மேல ஒரு கேரியர் போட்டுக்கலாமா?”

ஆடிக் கிருத்திகையன்று படியோரம் நின்று பார்த்தவன் இதைக் கேட்க மாட்டான். 365 படி ஏறுகிற பூக்காவடி உயரமாகத்தான் இருக்கும். அதன் தலை ஒரு பக்கம் சாய்ந்த மாத்திரத்தில் சுமப்பவர் அந்தப் பக்கம் ஒரு கால் எடுத்து வைத்துவிடுவார். ஜீப்புக்கு அப்படிக் கால் மாற்றி வைக்கத் தெரியாது. ஓடைக்கரையில் ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில் என்று சாயும்போது கூரை மேல் இருக்கிற பாரம் சாய்வை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடும். மேலே போட்டே ஆக வேண்டுமென்றால் பாய், டென்ட் போல எடை இல்லாதது போதும். தண்ணீரும் தோசைக்கல்லும் மேலே போகவே கூடாது.

டீ வந்தது. கட்டுகிற கணக்குக்கு வந்தோம். இதுதான் நிதானமாகப் பேச வேண்டிய இடம்.

ஒரு பெட்டியின் எடையை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி பிரேக் அடித்தால் அதை முன்னால் தள்ளுகிற விசை சுமார் 80 பைசா. வளைவில் பக்கவாட்டில் தள்ளுவது 50 பைசா. ஐரோப்பாவில் லாரிச் சரக்கு கட்டுவதற்கான தரவிதி இந்த எண்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. இப்போது, வழவழப்பான பிளாஸ்டிக் பெட்டியை வழவழப்பான தரையில் வைத்தால் உராய்வு பிடித்துக்கொள்வது ஏதோ 20 பைசா. மீதி 60 பைசாவைக் கயிறுதான் தாங்க வேண்டும். அதே பெட்டிக்கு அடியில் நல்ல ரப்பர் விரிப்பைப் போட்டால் உராய்வே 60 பைசா பிடித்துவிடும். கயிற்றுக்கு மிச்சம் 20 பைசா வேலைதான். பெரிய செலவில்லாத ஒரு ரப்பர் விரிப்பு, கயிற்றின் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்துவிடுகிறது. நம் ஆட்கள் வாங்குகிற எந்த வெளிநாட்டுச் சாமானும் இவ்வளவு செய்வதில்லை.

“அப்ப கயிறே வேணாமேண்ணா, ரெண்டு ரப்பர் போட்டா?”

நல்ல கேள்வி. டீக்கிளாஸை உள்ளங்கையில் வைத்துக் கையைச் சட்டென்று கீழே இறக்கிக் காட்டினேன். ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கிளாஸ் கையை அழுத்தவே இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது சாமானுக்கு நடப்பதும் இதுதான். அந்தக் கணத்தில் பெட்டிக்கு எடை இல்லை. எடை இல்லையென்றால் உராய்வும் இல்லை, ரப்பர் சும்மா கிடக்கும். தார்ச்சாலையில் நாள் முழுக்க அசையாமல் வந்த பெட்டி, தோப்புக்குத் திரும்புகிற மண்பாதையின் முதல் நூறு அடியில் நடக்க ஆரம்பிப்பது இதனால்தான். கயிறு சாமானை மேலிருந்து தரையோடு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எலாஸ்டிக் கயிற்றால் அந்த வேலை ஆகாது. இழுத்தால் நீளுவதுதான் அதன் தொழில். சாமான் தூக்கிப் போட்டால் அதுவும் கூடவே எழும்பும். அவிழ்க்கும்போது கை நழுவினால் ஹூக் நேரே கண்ணுக்கு வரும். லாரிக்காரர்கள் வாங்குகிற ராட்செட் பெல்ட், அதிலேயே சின்ன அகலத்தில் கிடைப்பது, இரண்டு போதும். மாட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். தரையில் கொக்கியோ வளையமோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெக்கானிக்கிடம் சொல்லி சீட் போல்ட்டோடு சேர்த்து இரும்பு வளையம் போட்டுக்கொள்ளலாம். கைப்பிடியில் மாட்டுவதும், தகரத்தில் ஸ்க்ரூ அடித்து மாட்டுவதும் வீண். பிரேக் அடித்தால் ஸ்க்ரூவோடு வரும்.

கயிற்றை நம்பிக் கெட்ட பெரிய மனுஷர்களும் உண்டு. 1802இல் பரங்கிமலையில் அடிக்கோடு போட்டு இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனிடம் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி இருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. மனுஷர் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து அதைத் தட்டி நிமிர்த்தினார். நம்மிடம் நசுங்குவதற்கு இருப்பது வாணலி மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டாத தோசைக்கல் அதே 50இல் முன்னால் வரும். பத்து மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற பொருளுக்கு இருக்கும் வேகம் அது. நடுவில் இருப்பது உங்கள் பின்மண்டை. பையன் தோசைக்கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

பெட்டிக்கு என்ன செய்வது என்று கேட்டான். சறுக்கி வெளியே வருகிற டிராயர், மடக்குச் சமையலறை என்றெல்லாம் போனில் பார்த்திருக்கிறான். பிளைவுட்டும் இரும்புச் சட்டமுமாக அந்த டிராயர் காலியாகவே கிட்டத்தட்ட ஒரு ஆள் எடைக்கு வந்துவிடும். வருஷத்தில் நாலு முறை போகிறவனுக்கு அது தண்டம். மார்க்கெட்டுக்குத் தக்காளி வருகிற பிளாஸ்டிக் கிரேட் இரண்டோ மூன்றோ வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பக்கமெல்லாம் ஓட்டை, பெல்ட்டை உள்ளே நுழைத்துக் கட்டலாம், ஒன்றின் மேல் ஒன்று பூட்டி நிற்கும், கழுவினால் காய்ந்துவிடும். ஒன்று சமையலுக்கு, ஒன்று வண்டிச் சாமானுக்கு, ஒன்று மற்றதுக்கு. உள்ளே இடுக்கு விடக் கூடாது. சாமானுக்கும் சாமானுக்கும் நடுவே துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு என்று திணித்துவிட வேண்டும். எப்படியும் எடுத்துப் போகிற துணிதானே. அலுமினியப் பாத்திரம் இரண்டு ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போனால் ராத்திரி சோற்றில் கரிய தூள் இருக்கும்.

எனக்கு இந்தப் பாடம் மண்ணெண்ணெய் சொல்லிக் கொடுத்தது. பழைய ஜீப் ஒன்றில் நாங்கள் நாலு பேர் போன சமயம், ஸ்டவ்வையும் அரிசிப் பையையும் ஒரே சாக்கில் போட்டேன். ஸ்டவ்வின் மூடி ஆட்டத்தில் கழன்றுவிட்டது. இரண்டு நாள் மண்ணெண்ணெய்ச் சாதம். மூன்று முறை களைந்தும் போகவில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றோம். சாப்பாடு ஒரு பெட்டி, எரிபொருள் ஒரு பெட்டி என்று அன்று பிரித்தது, இன்று வரை சேர்க்கவில்லை. தயிரைப் பற்றியும் ஒரு வார்த்தை: தயிர் கொண்டு போகாதீர்கள், போய்ச் சேரும்போது மோரும் வெண்ணெயுமாக இருக்கும்.

கேஸ் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நிற்கும்போது வால்வுப் பக்கம் இருப்பது ஆவி. படுக்கவைத்தால் திரவம் வந்து வால்வில் நிற்கும். கசிந்தால் அந்தத் திரவம் 250 மடங்குக்குக் கிட்டத்தட்ட விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் ஜன்னல் வழியாக எழும்பிப் போகாமல் காலடியில் தேங்கும். ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, தனியாக ஒரு பெல்ட்டில் கட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும். நிறுத்தியதும் முதலில் இறக்க வேண்டியது அதைத்தான்.

அடுக்குகிற வரிசையை அங்கே போய்ச் சேரும்போது நடப்பதிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். இருட்டிவிட்டது, மழை தூறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் என்ன தேவை? டார்ச், தார்ப்பாய், டென்ட். கடைசியில் ஏற்ற வேண்டியது அவை. ஜாக்கி, ஸ்பானர், இழுக்கிற கயிறு, மருந்துப் பெட்டி இவற்றுக்கு மட்டும் தனி நியாயம்: வேறு எதையும் இறக்காமல் கைக்கு எட்ட வேண்டும். பஞ்சர் ஆகிற இடத்தில் பாத்திரங்களைச் சாலையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சந்தை மாதிரி.

இன்னொன்று இந்தப் பக்கத்துக்கே உரியது. எல்லை தாண்டினால் செம்மரம் வளர்கிற மலைகள். வண்டியை நிறுத்திச் சோதிப்பது அங்கே சகஜம். பெல்ட் இரண்டைத் தட்டினால் எல்லாப் பெட்டியும் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தால் ஐந்து நிமிஷத்தில் விடுவார்கள். விறகு வெட்டலாம் என்று அவன் நண்பன் கொடுத்திருந்த கைக்கோடரி டென்ட் பைக்குள் இருந்தது. அதை எடுத்து டீக்கடையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அந்தக் காட்டோரம் கோடரி வைத்திருப்பவன் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

மொத்தத்தையும் இறக்கி, மறுபடி ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. ரப்பர் விரிப்பு பக்கத்து டயர் கடையில் கிடைத்தது. பெல்ட்டும் கிரேட்டும் பஜாரில். கடைசியில் பெட்டிகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கச் சொன்னேன். முதல் தடவை பெட்டி மட்டும் ஆடியது. பெல்ட்டை இன்னும் இரண்டு பல் ஏற்றியதும் பெட்டியோடு சேர்ந்து வண்டியே சஸ்பென்ஷனில் ஆடியது. அப்புறமும் ஏதோ கடகடவென்றது. குனிந்து தேடினால், அர்ச்சனைத் தேங்காய் மூடி ஒன்று சீட்டுக்கு அடியில். அதை டீ மாஸ்டரிடம் கொடுத்தோம்.

கிளம்பும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன். லாரிக்காரர்கள் ஊர் எல்லை தாண்டியதும் ஓரங்கட்டி, டயரை உதைத்து, கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓட்டத்தில் சாமான் குலுங்கிக் கீழே உட்காரும், கட்டு தளர்ந்திருக்கும். நீயும் நிறுத்திப் பார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. நகரி தாண்டி ஓரங்கட்டியிருக்கிறான்.

“நாலு பல் இறங்குச்சுண்ணா.”