தலையணைக்கு அடியில் துப்பாக்கி!

தோட்டத்து வீட்டுக்கு அது காவல் ஆகுமா?

இரவு இரண்டு மணி. நாய் குரைக்கிறது.

தென்னந்தோப்புக்கு நடுவே ஒரே ஒரு வீடு. கூப்பிடு தூரத்தில் வேறு வீடு இல்லை. உள்ளே இருப்பவர்கள் இரண்டே பேர். பெரியவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது. அவர் மனைவிக்கு மூட்டு வலி. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து இருக்கிறார்கள்.

நாய் எதற்காகக் குரைக்கிறது? நரியா? பக்கத்துத் தோட்டத்து மாடு அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டதா? அல்லது, மனிதனா?

காங்கேயம், பல்லடம், தாராபுரம், பெருந்துறை, சிவகிரி... கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட தோட்டத்து வீடுகள் எத்தனையோ! "சாளை" என்று சொல்வார்கள். கிணற்றையும் மாட்டையும் விட்டு நகராதவர் கொங்கு விவசாயி. நிலத்திலேயே வீட்டைக் கட்டிக்கொண்டு குடி இருப்பார். முன்பு அந்த வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பண்ணையாட்கள் கட்டுத்தறைக்குப் பக்கத்திலேயே படுத்து இருந்தார்கள். இன்று பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். வீடு அப்படியே இருக்கிறது. ஆட்கள்தான் இல்லை.

இரண்டு கொடுமைகள்

2024-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். வயதான கணவன், மனைவி, அவர்களுடைய மகன். ஊரே அலறியது.

அந்தப் பயம் தீருவதற்குள் அடுத்த இடி! 2025-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த முதிய தம்பதி பிணமாகக் கிடந்தார்கள். நகைகள் போயிருந்தன. அந்த மாதத்திலேயே போலீசார் சிலரைக் கைது செய்தார்கள். பல்லடம் கொலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் பல வீடுகளில் ராத் தூக்கம் போயிற்று. பெங்களூரில் இருக்கும் மகன்கள் தினமும் டெலிபோனில் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"அப்பா, பேசாம ஒரு சின்ன பிஸ்டல் வாங்கிருங்க. இடுப்புல சொருகிட்டா வெளியே தெரியாது. லைசென்சுக்கு எழுதிப் போடுங்க."

மகன் சொல்வதில் தப்பு இல்லை. பெற்றவர்கள் மீது உள்ள பாசம்! ஆனால் துப்பாக்கி வாங்குவது மோட்டார் பம்ப் வாங்குவது போல அல்ல.

யார் கொடுப்பார்கள்?

துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும். கோவை மாநகரத்துக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனரிடம் மனுப் போட வேண்டும். கமிஷனர் எல்லைக்கு வெளியே கிராமங்களில் இருந்தால் கலெக்டரிடம். 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். போலீசார் விசாரணை செய்து அறிக்கை அனுப்புவார்கள். துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சி பெற்று இருக்க வேண்டும். வீட்டில் பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும்.

சொத்து இல்லாதவன் என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்சு மறுக்கக் கூடாது என்று 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் சொல்கிறது. பலருக்கு இது தெரியாது.

அதே சட்டத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பாதுகாப்புக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள நீளத் துப்பாக்கி கேட்டால் ஒரு நியாயம். பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி கேட்டாலும் அதே நியாயம்தான். மனுதாரர் மீது குறை ஒன்றும் இல்லை என்றால் கொடுக்கலாம். கைத்துப்பாக்கி கேட்டால் அப்படி அல்ல. "தக்க காரணம் இருக்கிறது" என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். மறைத்து எடுத்துச் செல்லக்கூடிய ஆயுதம் அல்லவா? அதனால் கெடுபிடி அதிகம்.

இந்தக் கெடுபிடி நேற்று வந்தது அல்ல. 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வெள்ளையர் அரசாங்கம் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியர்களின் கையைக் கட்டியது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு! 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதும் குடிமக்கள் உரிமைகளில் ஒன்று என்று தீர்மானம் போட்டது. சுதந்திர இந்தியாவில் வந்ததோ உரிமை அல்ல, லைசென்சு.

அரைக் கிலோ ஆயுதம்

போலீசாரும் ராணுவத்தாரும் வைத்திருக்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. பொதுவாகக் கிடைப்பது "பாயிண்ட் 32" அளவுள்ள ரிவால்வர் அல்லது பிஸ்டல்.

டெல்லியில் 2012-ல் ஒரு மாணவிக்கு ஓடும் பஸ்சில் நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. அந்த நினைவாக 2014 ஜனவரியில் கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை ஒரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. பெயர் "நிர்பீக்". அச்சம் இல்லாதவர் என்று அர்த்தம். எடை சுமார் 500 கிராம். பெண்களின் கைப்பையில் வைக்கலாம் என்றார்கள். அன்றைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்! ஒரு நல்ல கறவை மாட்டை விட அதிகம். அந்த விலை கொடுக்கக்கூடிய பெண் எத்தனை பேர் இரவில் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நல்ல கேள்வி!

சரி, லைசென்சும் கிடைத்து, ரிவால்வரும் வந்துவிட்டது. வெளியே எடுத்துப் போகலாமா? 2016-ம் ஆண்டு விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். எடுத்துக் காட்டி மிரட்டினால் குற்றம். கலியாணத்திலும் திருவிழாவிலும் சந்தோஷத்துக்காக, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 பாராளுமன்றத் தேர்தல் மார்ச் 16-ல் அறிவிக்கப்பட்டு, ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ல் நடந்தது. 80 நாள்! தேர்தல் விதிகள் திருடனுக்குப் பொருந்தாது.

சாவி யாரிடம்?

கஷ்டமான விஷயம் இனிமேல்தான் வருகிறது.

துப்பாக்கியை எங்கே வைப்பது? பீரோவில் பூட்டி வைத்தால், கொலைகாரன் கதவை உடைக்கும்போது அது பீரோவுக்குள் இருக்கும். தலையணைக்கு அடியில் குண்டு போட்டு வைத்தால், லீவுக்கு வந்திருக்கும் பேரன் அதை எடுப்பான். ஐந்து வயதுப் பையனுக்கு விளையாட்டுத் துப்பாக்கிக்கும் நிஜத் துப்பாக்கிக்கும் வித்தியாசம் தெரியுமா? இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் குறைவு.

இன்னொன்று. தூங்குகிற மனிதனுக்குத் துப்பாக்கி உதவாது. தாக்க வருகிறவன் விழித்து இருக்கிறான். நேரம் பார்த்து வருகிறான். மோட்டார் போடுவதற்காக நடுராத்திரியில் வரப்பு மேல் நடந்து போகும் விவசாயியின் ஒரு கையில் டார்ச் லைட்டு. மறு கையில் பாம்புக்குத் தடி. மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

சுட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். யாரைச் சுட்டார்? இருட்டில் நிழல்தான் தெரியும். முதல் பஸ்சைப் பிடித்து, சொல்லாமல் வந்த மகனாக இருந்தால்?

திருடனாகவே இருந்தாலும் கோர்ட்டு கேள்வி கேட்கும். உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதா சட்டத்தில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனிடம் இருந்து தற்காத்துக்கொள்ளும்போது அவன் உயிரே போனாலும் குற்றம் ஆகாத சந்தர்ப்பம் உண்டு. ஆனால் தேவைக்கு மிஞ்சித் தீங்கு செய்யும் உரிமை இல்லை. பயந்து ஓடுகிறவனை முதுகில் சுட்டால், அது தற்காப்பா என்று கேட்பார்கள். எழுபது வயதில் கோர்ட்டுப் படி ஏறி இறங்க வேண்டும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஜனங்கள் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு கடை வீதிக்குப் போகிறார்கள். அங்கே 2021-ம் ஆண்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேரை யாரும் கொல்லவில்லை. தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள்! பாதிக்கும் மேல். திருடனுக்காக வாங்கி வைத்த ஆயுதம், கடன் தொல்லையோ மனக் கஷ்டமோ வந்த ஒரு நாளில் வீட்டுக்காரர் மீதே திரும்பிவிடுகிறது. அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பிழைத்து இருப்பார்கள்.

லைசென்சு கிடைக்காவிட்டால் கள்ளத் துப்பாக்கி வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். லைசென்சு இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை ஜெயில். தடை செய்யப்பட்ட ரகம் என்றால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு. 2019-ல் சட்டத்தைத் திருத்திக் கடுமை ஆக்கிவிட்டார்கள்.

அப்படியானால் துப்பாக்கி யாருக்குமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. பெரும் பணம் எடுத்துச் செல்லும் தொழில் செய்கிறவர், குறிப்பிட்ட எதிரியால் உயிருக்கு ஆபத்து உள்ளவர், பட்டாளத்தில் பழகிய கை உடையவர். இவர்கள் கேட்டால் காரணம் இருக்கிறது. பழகாத கையில், மூட்டு வலியும் கண் புரையும் உள்ள வயதில், அது காவல் ஆகாது. பறித்துக்கொண்டு போக இன்னொரு பொருள் ஆகும்.

பெரியம்மாவின் கேள்வி

தென்னந்தோப்பு வீட்டுக்குத் திரும்புவோம். மகன் அனுப்பிய மனுப் பாரம் மேசை மேல் கிடக்கிறது. பெரியவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார்.

"ஏனுங்க, துப்பாக்கியை எங்கீங்க வெக்கறது?"

"பீரோவுலதான்."

"சாவி?"

"சாவி உன்றகிட்டத்தான் இருக்கும் புள்ள."

"சரிங்க. திருடன் வந்தா, 'கொஞ்சம் பொறப்பா, பீரோவைத் திறந்துக்கறோம்'னு சொல்லோணுமாக்கும்?"

பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் பாரத்தை மடித்து வைக்கவில்லை.

"அப்புறம் என்னதான் பண்ணச் சொல்றே? பல்லடத்துல நடந்தது மறந்து போச்சா?"

"மறக்கலீங்க. அதுனாலதான் சொல்றேன். என்ற கழுத்துல, பீரோவுல கெடக்கற நகையைத் திங்கக்கிழமை பேங்கு லாக்கர்ல போட்டுருங்க. அது இங்கிருக்குதுன்னு ஊருக்கே தெரியும். மேக்கால தோட்டத்துத் தம்பிகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். ராத்திரி எந்நேரம் கூப்புட்டாலும் வாரேன்னுச்சு."

சிவகிரிச் சம்பவத்துக்குப் பிறகு போலீசார் தனித்த தோட்டத்து வீடுகளுக்கு இரவு ரோந்தை அதிகப்படுத்தினார்கள். ரோந்து வந்த போலீஸ்காரர் தம்முடைய நம்பரைச் சுவரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குக் கீழே பேத்தி பெரிய எழுத்தில் 100, 112 என்று எழுதி இருந்தாள்.

அடுத்த வாரம் நாலு பக்கமும் விளக்குப் போட்டார்கள். சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில். கதவைத் திறக்காமலே வாசல் முழுவதையும் வெளிச்சம் ஆக்கலாம். பின்கட்டுக் கதவுக்கு இரும்புக் கம்பி. துப்பாக்கி விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

மகனுக்கு இன்னும் திருப்தி இல்லை. "விளக்கு இருட்டைத்தான் துரத்தும், ஆளைத் துரத்துமா?" என்று கேட்டான். அவன் கேட்பதும் நியாயம்தான். "அப்படின்னா மாசத்துல ரெண்டு நாள் நீயே வந்து படுத்துக்க கண்ணு" என்றாள் அம்மா. டெலிபோனில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லை.

மனுப் பாரத்தைப் பெரியவர் கிழிக்கவில்லை. பீரோவில், பத்திரக் கட்டோடு வைத்து இருக்கிறார்.

இரவு இரண்டு மணி. நாய் குரைத்தது. பெரியவர் எழுந்து கதவுப் பக்கம் போகவில்லை. கை நீட்டிச் சுவிட்சைப் போட்டார்.

கட்டுத்தறை ஓரம் ஒரு முள்ளம்பன்றி நின்றுகொண்டு இருந்தது.