அந்துருண்டை எங்கே போகிறது?

பீரோவில் போட்டு வைத்த அந்துருண்டை சில மாதங்களில் மிளகளவு சிறுத்துவிடுகிறதே, மீதியெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொஞ்சம் துணிக்குள் போகிறது. கொஞ்சம் நம் மூக்குக்குள் போகிறது.

பதங்கமாதல் பற்றிப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். கல்யாண வீட்டில் தாலி கட்டியதும் பந்திக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுவார் எங்கள் பெரியப்பா. அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீனும் அந்த ரகம்தான். திரவம் என்ற இடைக்கட்டத்தில் நிற்காமல் நேரே ஆவியாகிவிடும். பத்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். ஒட்டிக்கொண்ட இரண்டு அறுகோண வளையங்கள். ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் பிடிமானம் குறைவு. உருகுவதற்கு 80 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்றாலும், நம் வீட்டுச் சூட்டிலேயே மேற்பரப்பிலிருந்து கழன்றுகொண்டே இருக்கும்.

இது நிலக்கரித் தாரின் பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரி வாயுவைக் கொண்டு இங்கிலாந்தில் தெருவிளக்கு ஏற்றினார்கள். அதில் மிஞ்சிய தாரிலிருந்து கிடைத்த வெள்ளைப் படிகத்துக்கு 1821இல் ஜான் கிட் பெயர் வைத்தார். அதில் கார்பனும் ஹைட்ரஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை 1826இல் கண்டுபிடித்தவர் மைக்கேல் ஃபாரடே.

துணியை அரிப்பது அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. அதற்கு வேண்டியது கம்பளியும் பட்டும் போல விலங்கிலிருந்து வந்த இழை. சுத்தமான பருத்தி வேட்டியை அது சீண்டாது. நன்றாக மூடிய டிரங்குப் பெட்டிக்குள் நாஃப்தலீன் ஆவி அடர்ந்து தேங்கினால் புழு சாகும். பெட்டி மூடியிருப்பதில்தான் மருந்தின் முழு வேலையும் இருக்கிறது.

நாமோ அதைத் திறந்த இடங்களில் போடுகிறோம். எந்த ஓட்டலுக்குப் போனாலும் கை கழுவும் தொட்டியின் சல்லடைமேல் உருண்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே கரப்பானைக் கொல்லும் அளவுக்கு ஆவி சேராது. சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர். உருண்டை செய்வதெல்லாம் ஒரு நாற்றத்தின்மேல் இன்னொரு நாற்றத்தைப் போர்த்துவதுதான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி வகையில் நாஃப்தலீனைச் சேர்த்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. ஐரோப்பிய ஒன்றியம் 2008இலேயே நாஃப்தலீன் உருண்டைக்குத் தடை போட்டுவிட்டது. நாம் இன்னும் சாப்பிடும் இடத்தில் வைத்து மோந்துகொண்டிருக்கிறோம்.

நம்மைவிடக் கரையானுக்கு விவரம் அதிகம். ஃபார்மோசா கரையானின் கூட்டில் நாஃப்தலீன் இருப்பதை 1998இல் அமெரிக்காவின் லூசியானா ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எறும்பை விரட்ட உதவும் அந்த வாடையை அது தன் அடைத்த கூட்டுக்குள்தான் வைத்திருக்கிறது.

நாஃப்தலீனிடம் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வேறொன்று. வீட்டில் பத்துப் பேர் ஒரே வாடையை முகர்ந்து ஒன்றும் ஆகாமல் இருக்க, தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தைக்கு மட்டும் இரத்தம் உடையும். நம் சிவப்பணுக்களுக்கு ஜி6பிடி என்றொரு நொதி காவல் நிற்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடமே இக்குறை அதிகம். மலேரியாவிடமிருந்து ஓரளவு காப்பாற்றியதால், அக்காய்ச்சல் ஆண்ட நாடுகளில் எல்லாம் இது நிலைத்துவிட்டது, இந்தியாவிலும் உண்டு. உடலுக்குள் போன நாஃப்தலீன் வேறு பொருள்களாக மாறி ஹீமோகுளோபினைத் தாக்கும்போது, காவல் இல்லாத சிவப்பணுக்கள் உடைகின்றன. அதனால் மஞ்சள் காமாலை வரும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அதைச் சமாளிக்கும் பக்குவம் இராது. முற்றினால் மூளையையே பாதிக்கும்.

இனி நம் வழக்கத்தைப் பாருங்கள். பிள்ளை பிறந்ததும் பெட்டியைத் திறந்து, மெத்தென்று இருக்கிறதே என்று பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிறோம். பாட்டியின் நூல் புடவையில் தூளி கட்டுகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். நாஃப்தலீன் எண்ணெயில் கரையும். எண்ணெய் பூசிய தோல் வழியாக இன்னும் எளிதாக உள்ளே போகும். அன்பாகச் செய்யும் மூன்று காரியங்களும் ஒன்றுசேர்ந்து வினையாகின்றன. பழந்துணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்துருண்டை போடாமல் வைத்த துணியாக எடுங்கள். அது இல்லையென்றால், துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தி, வாடை அறவே போன பிறகு பயன்படுத்துங்கள். வாடை இருக்கிறது என்றால் மருந்தும் இருக்கிறது.

பட்டுப் புடவைக்கு என்ன செய்வது? அவ்வப்போது எடுத்து உதறி, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தாலே போதும். இருட்டில் அசையாமல் கிடக்கும் துணியில்தான் புழு குடியேறும். ஜரிகைக்கு அந்துருண்டை ஆகாது என்று பட்டுக்கடைக்காரர்களே சொல்வார்கள்.

குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து இதை விழுங்குவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாலோ நெய்யோ எண்ணெய்ப் பண்டமோ கொடுக்காதீர்கள். கொழுப்பு சேர்ந்தால் நஞ்சு விரைவாக உடலில் ஏறும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உருண்டை இருந்த பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோங்கள். கற்பூரமும் பாரா டைகுளோரோ பென்சீனும் பார்ப்பதற்கு இதே போலத்தான் இருக்கும். எது என்று தெரிந்தால்தான் மருத்துவருக்கு வழி தெரியும். அன்று பிள்ளை ஓடியாடி விளையாடினாலும், அடுத்த சில நாள்களில் சோர்ந்து வெளுத்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனாலோ திரும்பவும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.