சிறு விமானத்தில் ராக்கெட்: இரு சட்டங்களுக்கு நடுவே

புதுதில்லி: ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி விமானத்தில் சிறு ராக்கெட் ஒன்றைப் பொருத்திச் சோதிக்க விரும்பும் மாணவர், பொறியியலுக்கு முன்பாகச் சட்டத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது.

விமானத்தைப் பொருத்தவரை சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. ஆளில்லா விமானங்களைத் தனியார் இயக்க 2014 அக்டோபரில் தடை விதித்த விமானப் போக்குவரத்து இயக்குநரகம், 2018 டிசம்பரில் கட்டுப்பாடுகளுடன் வழிவிட்டது. 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள் படிவங்களை 25-லிருந்து 5 ஆகக் குறைத்தன. கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானங்களுக்கு வகைச் சான்றிதழும் தேவையில்லை.

ராக்கெட் சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. அட்டைக் குழாய்க்குள் இருப்பது சில கிராம் கரிமருந்துதான். ஆனால், அது 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. அச்சட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பின் தலைமையகம் நாகபுரியில். அது வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ளது. விமானமோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பு. அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்ல டிரோன் விதிகளிலும் நிபந்தனை உண்டு.

அரசின் தயக்கம் காரணமற்றதன்று. டிரோன் விதிகள் வெளியாவதற்கு இரு மாதங்களுக்கு முன், 2021 ஜூன் 27-இல், ஜம்மு விமானப் படைத் தளத்தில் டிரோன்கள் மூலம் குண்டுகள் வீசப்பட்டன. தவிர, திட எரிபொருளைப் பற்றவைத்த பின் அணைக்க வழியில்லை. உந்துவிசை விமானத்தின் எடை மையத்திலிருந்து விலகினால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கக்கூடும்.

இறக்கையையும் ராக்கெட்டையும் இணைக்கும் இதே சோதனையைப் பேரளவில் நடத்தியது இஸ்ரோ. 2016 மே 23-இல், திட எரிபொருள் ராக்கெட்டின் முனையில் அமர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய இறக்கை வாகனம் சுமார் 65 கிலோமீட்டர் உயரம் எட்டியது. மாணவருக்கு அந்த ஏவுதளம் இல்லை. இரு அமைச்சகங்களின் வாசல்கள்தான் உள்ளன.