சாயக் கழிவும் சூரிய ஒளியும்

துணி வாங்கும் நாம் அதன் சாயம் நிலைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். வெயிலில் வெளுக்கலாகாது, சோப்பில் கரையலாகாது என்பதே நாம் கேட்கும் உறுதி. செயற்கைச் சாயங்கள் இவ்வுறுதியை நாடியே ஆக்கப்படுகின்றன. ஆயின், நூலில் பற்றாமல் எஞ்சிய சாயம் கழிவுநீரோடு ஆற்றை அடையும்பொழுது, அதே உறுதி தீங்காக முடிகிறது. நுண்ணுயிர்களால் அதனை எளிதில் சிதைக்க இயலுவதில்லை. நிறம் படர்ந்த நீரில் கதிரொளி ஆழம் வரை செல்வதில்லை, நீர்த்தாவரங்கள் நலிகின்றன, நீரில் பிராணவாயு குறைகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலருக்கு இது புதிய செய்தியன்று. இராஜஸ்தானத்தில் பாலி நகரின் பாண்டி ஆறும், குஜராத்தில் ஜேத்பூரின் பாதர் ஆறும் சாயக் கழிவால் கெட்டவை. தமிழகத்தில் நொய்யலின் கதையும் அதுவே. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஆறு கெட்டால் உழவரின் வாழ்வு மட்டுமன்றித் தொழிலாளரின் பிழைப்பும் தடுமாறும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இச்சாயத்தைச் சிதைக்கச் சூரிய ஒளியையே துணைக்கொள்ள இயலுமா? இதற்கு வழிகாட்டியவர்கள் ஜப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும் ஆவர். டைட்டேனியம் டையாக்ஸைடின் மீது ஒளியைப் பாய்ச்சி நீரை ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிக்கலாம் என்று அவர்கள் 1972-இல் காட்டினர். பின்னர் அப்பொருள் சாயத்தைச் சிதைக்கவும் பயன்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் புற ஊதாக் கதிர்களையே ஏற்கும். தரையை எட்டும் சூரிய சக்தியில் அக்கதிர்களின் பங்கு நூற்றுக்கு ஐந்தளவே.

ஆகவே, கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் ஏற்கும் பொருள்களை அறிஞர் நாடினர். அவற்றுள் ஒன்று கார்பன் நைட்ரைடு. உலோகம் எதுவும் சேராத கரிமவகைப் பொருள் இது. கார்பனும் நைட்ரஜனும் பின்னிய மஞ்சள் நிறப் பொடி. மெலமினையோ யூரியாவையோ சுமார் 550 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கினால் கிடைக்கும். இதன் ஒளிவினை ஆற்றல் 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் பரவலாகத் தெரியவந்தது.

ஒளி படும்பொழுது இப்பொடியிலுள்ள எலெக்ட்ரான் தன் நிலையினின்று மேலெழுகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. எழுந்த எலெக்ட்ரான் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, அதனை வீரியமுள்ள துகளாக மாற்றுகிறது. வெற்றிடமோ சாயத்தினின்றே எலெக்ட்ரானைப் பறிக்கவல்லது. இவ்விரு தாக்குதலாலும் சாய மூலக்கூறு துண்டுபடுகிறது. பொடி கிரியா ஊக்கியாக நிற்பதால், வினையில் தான் செலவாவதில்லை.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. நிறம் மறைவது வேறு, நீர் தூய்மையடைவது வேறு. அஸோ வகைச் சாயங்களில் இரு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் கட்டு அறுந்தாலே நிறம் போய்விடும். எஞ்சும் துண்டுகளுள் சில, சாயத்தினும் நஞ்சானவையாக இருக்கக்கூடும். அவை கரியமில வாயுவும் நீரும் பிற எளிய பொருள்களும் ஆகும்வரை வினை நடைபெறல் வேண்டும். மேலும், சாயமேற்றுவதற்குச் சேர்த்த உப்பை ஒளி அகற்றாது. நொய்யற் கரை வயல்களைப் பாழாக்கியதில் அவ்வுப்புக்குப் பெரும் பங்குண்டு. அதற்குச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கலனும் இன்றியமையாதவை. பொடியை நீரினின்று மீட்பதும் எளிதன்று.

எனவே, இம்முறை முழுச் சுத்திகரிப்புக்கு ஈடாகாது. அதன் ஒரு படியாகவே அமையத்தக்கது. உங்கள் ஊரில் கழிவுநீர் தெளிந்துவிட்டது என்று எவரேனும் கூறினால், கரிமப் பொருள் எவ்வளவு எஞ்சியது, உப்பு எங்கே சென்றது என்ற இரு கேள்விகளைத் தயங்காது கேளுங்கள்.