சரீர பாரமும் சைக்கிள் சீட்டும்

சரீரம் கனத்தவர்கள் தோல் சீட் வைத்த சைக்கிளில் ஏறினால் அது சில மாதங்களிலேயே தூளிபோலத் தொய்ந்துவிடும் என்ற அபிப்பிராயம் பரவலாக இருப்பதால், 100 கிலோவைத் தாண்டியவர்கள், ஆசை இருந்தும், ரெக்ஸின் போர்த்திய மெத்தைச் சீட்டையே நாடிப் போகிறார்கள். ஆனால் தோலின் சுபாவத்தையும் அந்த இருக்கை கட்டப்பட்டிருக்கும் விதத்தையும் நிதானமாக ஆராய்ந்தால், ஏறுகிறவரின் பாரத்தைக் காட்டிலும் ஈரமும், ஒரு சிறிய நட்டை அளவு மீறித் திருகும் பழக்கமுமே அதன் ஆயுளைக் குறைக்கும் சத்துருக்கள் என்பது விளங்கும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1866-ல் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்யத் தொடங்கிய ஜான் புரூக்ஸ் என்பவர், 1878-ல் தம் குதிரை இறந்துபோகவே இரவல் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார் என்றும், அதன் இருக்கை தந்த வேதனை தாளாமல் தாமே நல்லதொன்று செய்யத் தீர்மானித்து 1882-ல் காப்புரிமை பெற்றார் என்றும் அவருடைய கம்பெனியின் சரித்திரம் கூறுகிறது. சேணத் தொழிலாளியின் கைவண்ணம் அந்த அமைப்பில் இன்றும் தெரிகிறது. மாட்டின் முதுகுப்புறத்திலிருந்து வெட்டியெடுத்த, சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள தோலை நனைத்து, அச்சில் அழுத்தி உருக்கொடுத்து, உலரவைத்து, முன்மூக்கிலும் பின்புறத் தகட்டிலும் மட்டும் ரிவெட் அடித்து மாட்டுகிறார்கள். இடையிலே பஞ்சுமில்லை, பலகையுமில்லை, தோல் அந்தரத்தில் நிற்கிறது.

முதுகுத் தோலையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. தோல் என்பது கொலாஜன் என்னும் புரதத்தின் நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வலை. வயிற்றுப்புறத்தில் தளர்ந்திருக்கும் அந்தப் பின்னல், முதுகிலும் பிட்டத்திலும் நெருங்கி இறுகியிருக்கிறது. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலியவற்றில் ஊறவைத்துப் பதனிடுவது நம் நாட்டுத் தோல் ஷாப்புகளில் வழிவழியாக வந்த முறையல்லவா? அத்தகைய தாவரச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இந்த நார்களுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைக்கும்போது, தோல் விறைப்பும் கனமும் பெற்று, கொடுத்த உருவத்தை நெடுங்காலம் காப்பாற்றும் தன்மையை அடைகிறது.

இனி, பளு எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதே விஷயத்தின் மையம். முற்றத்தில் துணி உலர்த்தும் கொடியைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் ஈரவேட்டியைச் சுலபமாகத் தாங்குகிறது. விறைக்க இழுத்துக் கட்டினாலோ அதே வேட்டி ஆணியைப் பெயர்த்துவிடுகிறது. சீட்டிலும் இதே நியாயந்தான். கை கால்களில் இறங்கும் பாரம் போக 70 கிலோ சீட்டின் நடுவில் அமர்வதாகவும், முன்பின் ரிவெட்டுகளுக்கு இடையே 26 சென்டிமீட்டர் இருப்பதாகவும் கொண்டால், தோல் 3 சென்டிமீட்டர் தாழ்ந்து கொடுக்கும்போது ரிவெட்டுகளை இழுக்கும் விசை ஏறத்தாழ 150 கிலோ. ஒன்றரை சென்டிமீட்டருக்குமேல் தாழாதபடி இறுக்கிவிட்டாலோ அது 300 கிலோவாகிவிடும்! ஆகவே மூக்கிலுள்ள நட்டைத் திருகித் திருகிச் சீட்டைத் தட்டையாக்கும் கனத்த மனிதர், வலுவூட்டுவதாக எண்ணிக்கொண்டு, ரிவெட் துளைகளைச் சுற்றியுள்ள தோலைக் கிழியும் எல்லைக்குக் கொண்டுபோகிறார். தோல் கண்ணுக்குத் தெரியும்படி தளர்ந்த பிறகு மட்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேற்படாமல் திருகுவதே போதுமானது.

தோலைவிட நான் அதிகம் கவலைப்படுவது அடியிலுள்ள கம்பியைப் பற்றித்தான். பளுவை ஒரு பரப்பின்மேல் மெல்ல வைப்பதற்கும், தொட்டபடியே திடீரென்று விட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்திலேயே விசை இருமடங்காகிறது என்று யந்திர சாஸ்திரம் சொல்லும். பள்ளத்தில் சக்கரம் குதிக்கும்போது அது இன்னும் பெருகுகிறது. இந்த அதிர்ச்சி ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுந்து, கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்பின் விளிம்பில் விரிசலைப் பிறப்பிக்கிறது. ஆதலால் பாரம் மிக்கவர்கள் எடை குறைந்த டைட்டானியக் கம்பிகளின் கவர்ச்சிக்கு ஆளாகாமல், எஃகுக் கம்பியும் பின்புறம் சுருள் ஸ்பிரிங்கும் கொண்ட சீட்டைத் தேர்ந்தெடுப்பது நலம். ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியை நீண்ட தூரத்தில் பரப்பி, தோலுக்கும் கம்பிக்கும் போகும் விசையைக் குறைத்துவிடுகிறது.

ஈரத்தின் கதை வேறு. மழைநீர் உட்புகுந்ததும் நார்களுக்கிடையேயுள்ள பிணைப்புகள் நெகிழ்ந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. அந்த நிலையில் 60 கிலோ ஆள் ஏறினாலே தோல் நிரந்தரமாக நீண்டுவிடும் என்றால் 120 கிலோ ஆளைப் பற்றிக் கேட்பானேன். நனைந்த சீட்டை அடுப்பருகில் வைப்பதும் தகாது. ஈரத்தோடு கடுஞ்சூடு பட்டால் கொலாஜன் சுருங்கி, தோல் ஓடுபோல இறுகிவிடும். நிழலில் உலர்த்தி, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த பூச்சை மெல்லியதாகத் தடவினால் போதும். எண்ணெயிலேயே ஊறவைத்த தோல் பட்டுப்போல மிருதுவாகிப் பளு தாங்கும் சக்தியை இழக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் தொய்ந்துவிட்ட சீட்டை எறிந்துவிட வேண்டியதில்லை. இருபக்கமும் தொங்கும் மடல்களின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, செருப்புக்கு வார் கோப்பதுபோல அடிவழியே தோல்வாரைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினால், வெளிப்பக்கம் விரிந்துபோன மடல்கள் உள்ளே ஒடுங்கி, மேற்புறம் மீண்டும் நிமிர்ந்து, பழைய ஆளையே பல்லாண்டு சுமக்கத் தயாராகிவிடுகிறது.