முறிந்தது மணிக்கட்டு மட்டுமா?

திருத்தணி மலைக்கு எத்தனை படிகள் என்று கேட்டால் எங்கள் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும்: 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31-ந் தேதி இரவு, படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறும் கூட்டத்தில் என் அத்தையும் தவறாமல் இருப்பாள். அப்படிப் போன ஒரு வருஷம், இறங்குகிறபோது கால் தடுக்கிற்று. உருண்டு விழவில்லை. முன்னால் சாய்ந்தவள் கையை ஊன்றினாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. அப்போது அவளுக்கு வயது 57.

அந்தப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் எங்கே போவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நகரியைத் தாண்டினால் புத்தூர். நம் ஊர்களில் 'புத்தூர் கட்டு' என்று போர்டு தொங்குகிறதே, அந்தப் புத்தூர் ஆந்திராவிலுள்ள இந்த ஊர்தான். பச்சிலை, முட்டையின் வெள்ளைக் கரு, மூங்கில் பத்தை, துணி இவற்றைக் கொண்டு கட்டும் பரம்பரை வைத்தியம். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துவிட்டு அங்கே அழைத்துப் போனோம். எலும்பு கூடிற்று. அத்தை மறுபடியும் தோசை வார்த்தாள். நாங்களும் மறந்துவிட்டோம்.

ஒரு கேள்வியை மட்டும் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நின்ற இடத்தில் கையை ஊன்றியதற்கே ஓர் எலும்பு முறியலாமா?

எலும்பு என்பது செங்கல் மாதிரி உயிரில்லாத வஸ்து என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. அதற்குள் நாள்தோறும் மராமத்து நடக்கிறது. பழையதை இடிக்கும் அணுக்கள் ஒரு பக்கம்; புதிதாகக் கட்டும் அணுக்கள் மறு பக்கம். சுமார் 30 வயது வரை கட்டுகிற கை ஓங்கியிருக்கிறது. மாதவிடாய் நின்றதும் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்துபோகிறது. அதுவரை இடிக்கிற ஆளை அடக்கி வைத்திருந்தது அதுதான். அப்புறம் சில வருஷங்களுக்கு இடிப்பு மளமளவென்று நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, வலிக்காது. உள்ளே எலும்பு பஞ்சுபோல் புரையோடிவிடும். இதைத்தான் ஆஸ்டியோபொரோஸிஸ், எலும்புப் புரை என்கிறார்கள். முதலில் தெரிவதே முறிவுதான்.

அத்தைக்கு அடுத்த அடையாளமும் வந்தது. "ஏண்டி, இந்தப் புடவை கீழே புரளுகிறதே, அகலம் கூடவா நெய்திருக்கிறான்?" என்று கேட்டாள். புடவை வளரவில்லை, அத்தைதான் குறைந்துகொண்டிருந்தாள். முதுகின் முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்க, கூன் விழுந்தது. "வயசாச்சோல்லியோ!" என்று சிரித்தோம். 66-ஆம் வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இது கட்டுப் போட்டு ஆறுகிற சமாசாரம் அல்ல, ஆப்பரேஷன் செய்தார்கள். "மணிக்கட்டு முறிந்த அன்றைக்கே வைத்தியம் ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் இதைத் தவிர்த்திருக்கலாம்" என்றார் டாக்டர். எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ அம்மாவோ இருப்பார்கள். 50 வயதுக்கு மேல் லேசாக விழுந்து எலும்பு முறிந்ததா? இளமையில் இருந்த உயரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்துவிட்டதா? சீக்கிரமே மாதவிடாய் நின்றவரா, சினைப்பையை எடுத்தவரா, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ ஸ்டிராய்டு மாத்திரை வெகுநாள் சாப்பிட்டவரா? 'டெக்ஸா' என்ற சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சில நிமிஷ வேலை, ஊசி இல்லை. 'டி-ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப் புரை.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் வீட்டில் என்ன நடக்கிறது? பால் குழந்தைகளுக்கு, தயிர் புருஷருக்கு, மிச்சமிருந்தால் மோர் நமக்கு! 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 350-ஐ ஒட்டி. எள்ளும் அகத்திக் கீரையும் அதைவிட உசத்தி. பிரண்டைத் துவையல் நல்லதுதான். ஆனால் வியாதி வந்தபின் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். பகல் முழுதும் ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்கு அது ஏது?

நடையும் படியேற்றமும் எலும்புக்கு உரம். பாரம் தாங்கினால்தான் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும். பெண் குழந்தைகளை ஓடியாட விடுவதும் இதற்காகத்தான். முதுகெலும்பு நசுங்கியவர்கள் மட்டும் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் கூடாது.

நோய் முற்றியவர்களுக்கும் மருந்து இருக்கிறது. வாரம் ஒரு தரம் விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வருஷத்துக்கு ஒரு தரம் நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆஸிட். சிறுநீரகத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் தீர்மானிப்பார். மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்கிவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கூடாது.

அத்தை இதற்குச் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொண்டிருக்கிறாள். காபி இல்லாத அந்த அரைமணி, திருப்புகழுக்கு. டிசம்பர் 31 அன்று மலைப்பாதையில் கார் ஏறிப் போய், மேலே உட்கார்ந்து, படியேறி வருகிற எங்களுக்காகக் காத்திருக்கிறாள்.