சுவரை இடிக்குமுன்

பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்திற்கு வந்த குடும்பத்திற்கு அங்கே சொந்தமாக ஒரு வீடு அமைவது பெரும் பேறு. அவ்வீடு பல வேளைகளில் புதியதாக இருப்பதில்லை. டில்லியிலும் மும்பையிலும், வேறொருவர் வாழ்ந்து சென்ற நான்கு மாடிக் கட்டடத்தின் ஒரு தளமே நம்மில் பலருக்குக் கைக்கெட்டுகிறது. குடிபுகுந்த சில நாட்களில், கூடத்திற்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டால் இடம் தாராளமாகுமே என்ற எண்ணம் எழுகிறது. கொத்தனாரை அழைக்கிறோம். இரண்டு நாள் வேலை என்கிறார் அவர். சொன்னபடியே முடித்தும் விடுகிறார். ஆனால் அந்தச் சுவர் எதைச் சுமந்து நின்றது என்ற கேள்வியை அவரும் எழுப்பவில்லை, நாமும் எழுப்பவில்லை. அதை இங்கே சற்று ஆராய்வோம்.

சுவர்கள் இருவகைப்படும். அறையை அறையினின்று பிரிப்பதற்கென்றே எழுந்தவை ஒரு வகை. மேல்தளத்தின் பாரத்தை வாங்கி அஸ்திவாரத்திற்கு இறக்குபவை மற்றொரு வகை. பத்தடிச் சதுரமுள்ள ஓர் அறையின்மீது ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டிருந்தால், அத்தளத்தின் எடை மட்டுமே ஏறத்தாழ 3 டன். தரையோடுகள், தட்டுமுட்டுச் சாமான்கள், மாந்தர் ஆகியோரின் எடை தனி. இவ்வாறு மூன்று மாடிகள் மேலே இருப்பின், அத்தனை பாரமும் கீழ்த்தளத்துச் சுவர்களின் வழியாகவே நிலத்தைச் சேர வேண்டும். வெள்ளையடித்து நாட்காட்டி மாட்டியிருக்கும் சுவர் சும்மா நிற்பதுபோலத் தோன்றினும், அது இரவும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

எது பாரச் சுவர், எது தடுப்புச் சுவர் என்பதைத் தட்டிப் பார்த்து அறிய இயலாது. ஒன்பது அங்குலமும் அதற்கு மேலும் கனமுள்ள செங்கற் சுவர், பழைய கட்டடங்களில் பெரும்பாலும் பாரச் சுவரே. உத்திரத்தின் முனையோ தளத்தின் விளிம்போ அதன்மேல் தங்கியிருத்தலும், மேல்மாடியில் அதே நேர்கோட்டில் மற்றொரு சுவர் எழும்பியிருத்தலும் அடையாளங்களாகும். நாலரை அங்குலச் சுவர்தானே என்று அலட்சியம் செய்வதும் தகாது. அதுவும் சில இடங்களில் ஒரு பாரத்தைத் தாங்கி நிற்கக்கூடும்.

"எங்கள் வீட்டில் இடித்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்வோர் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது. செங்கற் சுவரில் துளையிட்டால், மேலுள்ள பாரம் கமான்போல் வளைந்து துளையின் இருமருங்கிற்கும் சென்றுவிடுகிறது. ஆதலின் சுவர் உடனே விழுவதில்லை. ஆனால் பக்கங்களில் எஞ்சி நிற்கும் பகுதி, முன்பு தான் தாங்கியதோடு புதிய பாரத்தையும் சேர்த்துத் தாங்க நேரிடுகிறது. அப்பகுதி குறுகியதாயின், அல்லது மழைநீர் ஊறிக் காரை உதிர்ந்ததாயின், வாரங்களோ வருடங்களோ கழிந்தபின் அது நொறுங்கலாம். செங்கல் விழுமுன் பெரிய எச்சரிக்கை தருவதில்லை.

2017ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மும்பையின் காட்கோபர் பகுதியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இடிந்து, 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் மாறுதல் வேலைகள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. மேல்மாடிகளில் இருந்தோர் எந்தச் சுவரையும் தொட்டவர் அல்லர்.

முழுச் சுவரையும் இடிப்பதில் மட்டுமே அபாயம் என்று எண்ணுதல் வேண்டா. மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சுவரில் வெட்டும் காடிகளும் அதன் வலிமையைக் குறைப்பவையே. பாரம் தாங்கும் செங்கற் சுவரில், நெடுக்குக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக்காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டலாகாது என்பது இந்தியத் தர விதி. ஒன்பது அங்குலச் சுவரில் இவை முறையே மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும் ஆகும். கிடைக்காடியை இயன்றவரை தவிர்த்தல் நன்று. தவிர்க்க முடியாதபோதும் ஒரு மீட்டர் நீளத்திற்கு மேல் தொடர்ச்சியாக வெட்டலாகாது.

கான்கிரீட் தூண்களும் விட்டங்களும் கொண்ட கட்டடத்தில் பாரத்தை அவையே தாங்குகின்றன; இடைச்சுவர்களை எடுத்தாலும் தளம் விழாது. எனினும் அங்கும் ஒரு நுட்பம் உண்டு. நிலம் அதிரும்போது, தூண்களுக்கிடையே நிறைந்துள்ள சுவர்கள் கட்டடம் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கின்றன. 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் குஜராத்தில் நிகழ்ந்த பூகம்பத்தில், அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்கு மாடிகள் சரிந்தன. அவற்றுள் பல, வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்கள்மீது மட்டும் நிறுத்தியவை. ஒரு தளத்தின் சுவர்களை மட்டும் அகற்றினால் அத்தளமே கட்டடத்தின் நலிந்த இடமாகிவிடுகிறது. குளிர்சாதனக் குழாய்க்காகத் தூணையோ விட்டத்தையோ குடைவது எவ்வகையிலும் கூடாது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி அறுபட்டால் வலிமை போயிற்று, வெளியே தெரிந்தால் துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

அப்படியாயின் வீட்டைத் திருத்தவே கூடாதா? தாராளமாகத் திருத்தலாம், முறையோடு திருத்த வேண்டும். முதலில் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, மூல வரைபடத்தோடு வீட்டைக் காட்டி, எழுத்தில் கருத்துப் பெற வேண்டும். அதன்பின் வீட்டுவசதிச் சங்கத்தின் இசைவும், தேவையான இடத்தில் நகராட்சியின் அனுமதியும் பெறுதல் முறை. வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடலாகாது. வேலை தொடங்குமுன் தளத்திற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். திறப்பின்மேல் வரும் விட்டம் இருபுறமும் சுவரில் அரையடியேனும் பதிந்திருக்க வேண்டும். புதிய கான்கிரீட் விட்டத்தின் முட்டுகளைக் குறைந்தது 14 நாட்களுக்கு அகற்றலாகாது. இவற்றுக்கு நாளும் பணமும் செலவாகும் என்பது உண்மையே. கொத்தனாரின் மொழி நமக்கும், நம் மொழி அவருக்கும் சரிவரப் புரியாத ஊரில், சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, இதற்கப்பால் உளி படக்கூடாது என்று காட்டிவிடுதல் நலம்.

முன்னரே சுவர் வெட்டப்பட்ட வீட்டை வாங்கியோர் சில குறிகளைக் கவனிக்க வேண்டும். திறப்பின் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், நன்றாகச் சாத்திய கதவு திடீரென்று இறுகுதல், விட்டத்தின் முனையில் காரை உதிர்தல் ஆகியவை அவை. விரிசலின் குறுக்கே பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா என்பது தெரியும். வளருமாயின் பூசி மறைக்காமல் பொறியாளரை அழைக்க வேண்டும். விரிசல் விரைவாக அகன்றாலோ, சுவர் முறியும் ஓசை கேட்டாலோ, சாமான்களை எண்ணி நிற்காமல் அனைவரும் வெளியேறுவதே அறிவுடைமை; மேலும் கீழும் இருப்போரையும் அழைத்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தில் நம் பெயர் இருக்கலாம். ஆயினும் நம்முடையது என்று நாம் சொல்லும் அச்சுவரின்மேல் வேறொரு குடும்பம் உறங்குகிறது. அவர்கள் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சுவர் நிற்கும் என்று நம்பியிருக்கிறார்கள். உளியை எடுக்குமுன் அந்த நம்பிக்கையை ஒருமுறை நினைத்தல் வேண்டும்.